எச்.எம்.எஸ். ஹேர்மீஸ் (95)

எச்.எம்.எஸ். ஹேர்மீஸ் என்பது பிரித்தானிய அரச கடற்படையைச் சேர்ந்த ஒரு வானூர்தி தாங்கிக் கப்பல் ஆகும். வானூர்திகளை ஏந்திச் செல்வதற்கென்றே தொடக்கம் முதல் வடிவமைக்கப்பட்ட உலகின் முதலாவது கப்பல் இதுவாகும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரல் 9 அன்று, இலங்கையின் கிழக்கே மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் யப்பானிய வானூர்திகளின் குண்டுவீச்சுக்கு இலக்காகி மூழ்கியது. கப்பலின் தளபதி உட்பட 307 பேர் உயிரிழந்தனர். பிற வானூர்தி தாங்கிகளிலிருந்து புறப்பட்ட வானூர்திகளால் மூழ்கடிக்கப்பட்ட முதலாவது வானூர்தி தாங்கிக் கப்பலும் இதுவே. தாக்கப்பட்ட நேரத்தில் பறக்கக்கூடிய நிலையில் ஒரு வானூர்தியேனும் இக்கப்பலில் இருக்கவில்லை.

இக்கப்பலின் சிதைவு 50 மீற்றருக்கும் சற்றுக் கூடுதலான ஆழத்தில் கடலடியில் கிடக்கிறது. சிறப்புப் பயிற்சி பெற்ற சுழியோடிகள் மட்டுமே அதனைச் சென்று பார்க்க முடியும்.

பெயர்

கிரேக்கத் தொன்மங்களில் கடவுளரின் தூதராகக் கூறப்படும் ஹேர்மீஸ் சிறகு முளைத்த காலணிகளை அணிந்தவர். பறக்கும் பொறிகளைச் சுமக்கும் கப்பலுக்கு இப்பெயர் பொருத்தமாக அமைந்தது. அரச கடற்படையில் இப்பெயரைத் தாங்கிய கப்பல்கள் பல உள்ளன. அவற்றைப் பிரித்தறிய இக்கப்பலின் பெயருடன் அதன் அடையாள எண்ணான 95 சேர்த்து எழுதப்படுகிறது.

1959 ஆம் ஆண்டு சேவைக்கு வந்த மற்றொரு பிரித்தானிய வானூர்தி தாங்கிக்கும் ஹேர்மீஸ் என்றே பெயரிடப்பட்டது. அது 1982 ஆம் ஆண்டின் போக்லாந்துப் போரில் பங்கேற்று, 1987 இல் இந்தியக் கடற்படையிற் சேர்ந்து ஐ.என்.எஸ். விராட் எனப் பெயர் மாறி, 2017 இல் ஓய்வு பெற்றது. பின்னர் குசராத்திலுள்ள அலங் கப்பலுடைப்புத் தளத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மீஸ் வேறு, விராட் ஆக மாறிய ஹேர்மீஸ் வேறு என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

வடிவமைப்பும் கட்டுமானமும்

முதலாம் உலகப் போர்க் காலத்தில் வானூர்திகளைக் கடலில் பயன்படுத்த முயன்ற கடற்படைகள், வேறு தேவைக்காகக் கட்டப்பட்ட கப்பல்களையே மாற்றியமைத்துப் பயன்படுத்தின. பயணிகள் கப்பலாகத் தொடங்கப்பட்ட ஆர்கஸ், போர்க்கப்பலாகத் தொடங்கப்பட்ட ஈகிள் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. ஹேர்மீஸ் இவற்றிலிருந்து வேறுபட்டது. 1917 ஆம் ஆண்டில் கட்டளையிடப்பட்டபோதே அதன் நோக்கம் வானூர்தி தாங்குவதாக இருந்தது.

கட்டுமானம் 1918 சனவரியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகிலுள்ள ஆம்ஸ்ட்ரோங் விட்வேர்த் நிறுவனத்தின் கப்பற்கட்டுந்துறையில் தொடங்கியது. 1919 செப்டெம்பர் 11 அன்று கப்பல் நீரில் இறக்கப்பட்டது. போர் முடிவடைந்திருந்தமையால் வேலைகள் மெதுவாகவே நடந்தன. எஞ்சிய பணிகளுக்காகக் கப்பல் டெவன்போர்ட் கடற்படைத் துறைக்கு இழுத்துச் செல்லப்பட்டது. ஆர்கஸ், ஈகிள் ஆகிய கப்பல்களில் நடத்தப்பட்ட சோதனைகளின் முடிவுகளுக்கேற்பத் திட்டம் பலமுறை மாற்றப்பட்டது. இதனால் ஹேர்மீஸ் 1924 பெப்ரவரியிலேயே சேவைக்கு வந்தது.

இந்தத் தாமதத்தினால் வேறொரு நாடு முந்திக்கொண்டது. யப்பான் 1920 இன் இறுதியில் கட்டத் தொடங்கிய ஹோஷோ என்னும் வானூர்தி தாங்கி 1922 டிசம்பரிலேயே சேவைக்கு வந்துவிட்டது. ஆகவே முதலில் வடிவமைக்கப்பட்டது ஹேர்மீஸ் எனவும், முதலில் கட்டி முடிக்கப்பட்டது ஹோஷோ எனவும் கூறுவது வழக்கம். இதே காலத்தில், 1921 இல், செம்பில் என்பவரின் தலைமையில் பிரித்தானியப் பயிற்றுநர் குழு ஒன்று யப்பானுக்குச் சென்று அந்நாட்டுக் கடற்படை வானோடிகளுக்குப் பயிற்சியளித்தது. அன்று இரு நாடுகளும் நட்பு நாடுகளாக இருந்தன.

ஹேர்மீசின் முக்கிய அளவுகள் பின்வருமாறு:

நீளம்: 182.9 மீற்றர் (600 அடி)
அகலம்: 21.4 மீற்றர்
இடப்பெயர்ச்சி: 10,850 தொன்
உந்துவிசை: 6 கொதிகலன்கள், பற்சில்லு பொருத்திய நீராவிச் சுழலிகள், 40,000 குதிரைவலு
உச்ச வேகம்: மணிக்கு 25 கடல்மைல்
பெரிய பீரங்கிகள்: 5.5 அங்குல அளவுடையவை 6
வானூர்திகள்: வடிவமைப்பின்படி 20

கப்பலின் முழு நீளத்துக்கும் அமைந்த தட்டையான பறப்புத் தளமும், அதன் வலப்பக்க ஓரத்தில் புகைபோக்கியையும் கட்டுப்பாட்டு மேடையையும் ஒன்றாகக் கொண்டு உயர்ந்து நிற்கும் "தீவு" என்னும் கட்டடமும் ஹேர்மீசின் சிறப்புக் கூறுகள். பின்வந்த வானூர்தி தாங்கிகள் பெரும்பாலும் இவ்வமைப்பையே பின்பற்றின. ஆயினும் கப்பல் சிறியது. வானூர்திகள் ஆண்டுக்காண்டு பெரிதாகிக் கொண்டிருந்தபோது கப்பலின் கொட்டகை பெரிதாகவில்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் அதனால் ஏறக்குறைய 12 வானூர்திகளையே ஏந்திச் செல்ல முடிந்தது.

போருக்கு முந்திய பணி

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியை ஹேர்மீஸ் கிழக்காசியக் கடல்களில் கழித்தது. சீனக் கரையோரத்தில் கடற்கொள்ளையருக்கு எதிரான சுற்றுக்காவல் அதன் பணிகளுள் ஒன்று. 1931 ஆம் ஆண்டு யாங்சி ஆறு பெருக்கெடுத்துச் சீனாவில் பேரழிவு ஏற்பட்டபோது ஹேர்மீஸ் ஹாங்கோ நகரில் நின்றது. வெள்ளப் பகுதிகளைப் பார்வையிட வந்திருந்த புகழ்பெற்ற அமெரிக்க வானோடி சார்ல்ஸ் லின்ட்பேர்க்கின் மிதவை வானூர்தி, ஹேர்மீசிலிருந்து ஆற்றில் இறக்கப்படும்போது நீரோட்டத்தில் அகப்பட்டுக் கவிழ்ந்தது. அதிலிருந்த லின்ட்பேர்க்கும் அவருடைய மனைவியும் உயிர் தப்பினர்.

1930களின் இறுதியில் புதிய, பெரிய வானூர்தி தாங்கிகள் வரத் தொடங்கியமையால் ஹேர்மீஸ் பயிற்சிக் கப்பலாக ஒதுக்கப்பட்டது. போர் மூண்டபோது மீண்டும் முன்னணிப் பணிக்கு அழைக்கப்பட்டது.

போரின் முதல் ஆண்டுகள்

1939 செப்டெம்பரில் போர் தொடங்கியதும் ஹேர்மீஸ் செருமானிய நீர்மூழ்கிகளையும் வணிகக் கப்பல்களைச் சூறையாடும் செருமானியப் போர்க்கப்பல்களையும் தேடும் பணியில் அமர்த்தப்பட்டது. மேற்கு ஆபிரிக்காவின் டக்கார் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு பிரெஞ்சுக் கடற்படையுடன் சேர்ந்து அத்திலாந்திக்கில் சுற்றுக்காவல் செய்தது. 1940 மே மாதத்தில் ரிச்சர்ட் ஒன்சிலோ கப்பலின் தளபதியாகப் பொறுப்பேற்றார். இறுதி வரை அவரே தளபதியாக இருந்தார்.

1940 சூனில் பிரான்சு செருமனியிடம் பணிந்தது. பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் செருமானியர் கைக்குப் போய்விடும் என்று பிரித்தானியா அஞ்சியது. இதனால், சில கிழமைகளுக்கு முன்னர் நட்புத் துறைமுகமாக இருந்த டக்காரையே ஹேர்மீஸ் தாக்க நேர்ந்தது. 1940 சூலை 8 அதிகாலையில் ஹேர்மீசின் இயந்திரப் படகு ஒன்று இருளில் துறைமுகத்துக்குள் நுழைந்து, ரிசலியூ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலின் பின்பகுதிக்குக் கீழே ஆழ்நீர் வெடிகுண்டுகளை இட்டது. நீர் ஆழமின்றி இருந்தமையால் அவை வெடிக்கவில்லை. சில மணி நேரத்தின் பின் ஹேர்மீசின் சுவோர்ட்ஃபிஷ் வானூர்திகள் டோர்ப்பீடோ எனப்படும் நீரடி ஏவுகணைகளை வீசின. அவற்றுள் ஒன்று ரிசலியூவைத் தாக்கிச் சேதப்படுத்தியது.

இரண்டு நாட்களின் பின்னர், சூலை 10 இரவு, கடும் மழையில் கோர்ஃபு என்னும் மற்றொரு பிரித்தானியக் கப்பலுடன் ஹேர்மீஸ் மோதிக்கொண்டது. முன்பகுதி சேதமடைந்தமையால் தென்னாபிரிக்காவின் சைமன்ஸ்டவுனில் பழுதுபார்க்கப்பட்டது. அதன்பின் இந்தியப் பெருங்கடலே அதன் பணிக்களம் ஆயிற்று. 1941 இன் தொடக்கத்தில் இத்தாலிய சோமாலிலாந்துக்கு எதிரான நடவடிக்கைகளிலும், அதே ஆண்டு ஈராக்கில் கிளர்ச்சி எழுந்தபோது பாரசீக வளைகுடாவில் பஸ்ராவிலிருந்த படைகளுக்கு உதவும் பணியிலும் ஈடுபட்டது.

கீழைக் கப்பற்படையும் இலங்கையும்

1941 டிசம்பரில் யப்பான் போரில் இறங்கியதும் நிலைமை விரைவாக மாறியது. டிசம்பர் 10 அன்று பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய இரு பெரும் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மலாயாவுக்கு அப்பால் யப்பானிய வானூர்திகளால் மூழ்கடிக்கப்பட்டன. 1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. இதன் பின்னர் இந்தியப் பெருங்கடலில் பிரித்தானியரின் முதன்மைக் கடற்படைத் தளங்களாகக் கொழும்பும் திருகோணமலையும் எஞ்சின. மாலைதீவுகளின் அட்டு பவளத்தீவில் ஒரு மறைமுகத் தளமும் இருந்தது.

தளபதி ஜேம்ஸ் சொமர்வில்லின் தலைமையிலான கீழைக் கப்பற்படையில் இன்டோமிட்டபிள், ஃபோர்மிடபிள், ஹேர்மீஸ் என மூன்று வானூர்தி தாங்கிகள் இருந்தன. இவற்றுள் முதல் இரண்டும் புதியவை. ஹேர்மீஸ் சிறியதும் பழையதும் ஆகும். எதிரே யப்பானியத் தளபதி சூயிச்சி நகுமோவின் அணி ஐந்து வானூர்தி தாங்கிகளுடன் வந்துகொண்டிருந்தது. அக்காகி, சோர்யூ, ஹிர்யூ, ஷோக்காக்கு, சுயிக்காக்கு என்பன அவை. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே அணியைச் சேர்ந்தவை.

சொமர்வில் ஏப்ரல் முதல் நாளையொட்டித் தாக்குதலை எதிர்பார்த்து இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். எதிரி தென்படவில்லை. நீரும் எரிபொருளும் குறைந்துவிட்டமையால் அவர் அட்டு பவளத்தீவுக்குத் திரும்பினார். ஹேர்மீசும் அதன் துணைக்கப்பலான அவுத்திரேலிய நாசகாரி வம்பயரும் திருகோணமலைக்கு அனுப்பப்பட்டன. மடகஸ்கார் தீவைக் கைப்பற்றும் திட்டத்தில் ஹேர்மீஸ் பங்கேற்க வேண்டியிருந்தது. அதற்கு ஆயத்தமாவதற்காகவே அது துறைமுகம் வந்தது. அதன் 814 ஆம் வானூர்தி அணி கரையில் இறக்கப்பட்டது.

ஏப்ரல் 4 மாலை, கனடிய வான்படையின் லெனார்ட் பேர்ச்சால் ஓட்டிய கட்டலீனாப் பறக்கும் படகு இலங்கைக்குத் தென்கிழக்கே யப்பானிய அணியைக் கண்டு செய்தி அனுப்பியது. அது உடனே சுட்டு வீழ்த்தப்பட்டது, பேர்ச்சால் சிறைப்பட்டார். அவர் பின்னாளில் "இலங்கையின் மீட்பர்" என அழைக்கப்பட்டார். மறுநாள், ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அன்று காலை கொழும்பு தாக்கப்பட்டது. துறைமுகத்தில் டெனிடோஸ் என்ற நாசகாரியும் ஹெக்டர் என்ற ஆயுதந்தாங்கிய வணிகக் கப்பலும் மூழ்கின. அன்று பிற்பகலில் டோர்செட்சையர், கோர்ன்வால் ஆகிய இரு குரூசர் கப்பல்களும் கடலில் மூழ்கடிக்கப்பட்டு, 424 பேர் இறந்தனர்.

1942 ஏப்ரல் 9

ஏப்ரல் 8 அன்று யப்பானிய அணி மீண்டும் கண்டறியப்பட்டது. இம்முறை அது திருகோணமலையை நோக்கி வந்தது. கொழும்பில் நடந்தது போன்று துறைமுகத்தினுள் கப்பல்கள் அகப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக அவை வெளியேறும்படி பணிக்கப்பட்டன. ஹேர்மீசும் வம்பயரும் இரவோடிரவாகப் புறப்பட்டுக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கிச் சென்றன. கரையில் இறக்கப்பட்டிருந்த வானூர்தி அணி கப்பலுக்குத் திரும்பவில்லை.

ஏப்ரல் 9 காலையில் நூற்றுக்கும் மேற்பட்ட யப்பானிய வானூர்திகள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா வானூர்தித் தளத்தையும் தாக்கின. அதே வேளையில், ஹருனா என்ற யப்பானியப் போர்க்கப்பலின் வேவு வானூர்தி ஒன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மீசைக் கண்டுவிட்டது. அது அனுப்பிய செய்தியைப் பிரித்தானியர் ஒற்றுக் கேட்டு, இயன்ற வேகத்தில் திருகோணமலைக்குத் திரும்புமாறு ஹேர்மீசுக்கு அறிவித்தனர். அங்குள்ள சண்டை வானூர்திகளின் காப்பு எல்லைக்குள் கப்பலைக் கொண்டுவருவது இதன் நோக்கம். ஆனால் அவ்வானூர்திகள் அப்பொழுதுதான் துறைமுகத்துக்கு மேலே போரிட்டுக் களைத்திருந்தன.

யப்பானிய வானூர்தி தாங்கிகளிலிருந்து 85 குண்டுவீச்சு வானூர்திகளும் 9 சண்டை வானூர்திகளும் புறப்பட்டன. குண்டுவீச்சு வானூர்திகள் ஐச்சி டி3ஏ வகையைச் சேர்ந்தவை. உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து, இலக்குக்கு மிக அருகில் குண்டை விடுவித்துவிட்டு மேலெழுவது இவற்றின் முறை. அதனை ஓட்டிய வானோடிகள் அந்நாளில் உலகிலேயே மிகத் தேர்ந்தவர்களுள் வைத்து எண்ணப்பட்டவர்கள்.

காலை 10.30 மணிக்குப் பின்னர் தாக்குதல் தொடங்கியது. ஹேர்மீசின் 5.5 அங்குலப் பீரங்கிகள் கப்பல்களைச் சுடுவதற்கானவை. நேரே மேலிருந்து பாய்ந்து வரும் வானூர்திகளை நோக்கி அவற்றைத் திருப்ப முடியாது. வானூர்தி எதிர்ப்புத் துப்பாக்கிகள் சிலவே இருந்தன. 32 வானூர்திகளேனும் ஹேர்மீசின் மீது அடுத்தடுத்துப் பாய்ந்தன. வீசப்பட்ட குண்டுகளுட் பெரும்பாலானவை கப்பலைத் தாக்கின. ஏறத்தாழ இருபது நிமிடங்களில், 11 மணிக்குச் சற்று முன்னதாக, கப்பல் இடப்பக்கம் சாய்ந்து மூழ்கியது. தளபதி ஒன்சிலோ கப்பலுடன் மாண்டார்.

அடுத்து வம்பயர் தாக்கப்பட்டு மூழ்கியது. நான்கு மாதங்களுக்கு முன்னர் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகியவை மூழ்கியபோது தப்பியவர்களை மீட்டெடுத்த கப்பல்களுள் வம்பயரும் ஒன்று. அதன் தளபதி வில்லியம் மோரன் இறந்தார். கப்பலிலிருந்தவர்களிற் பெரும்பாலானோர் உயிர் தப்பினர்.

ஹேர்மீஸ் விரைவில் மூழ்கிவிட்டமையால் குண்டுகளுடன் எஞ்சியிருந்த யப்பானிய வானூர்திகள் அப்பகுதியிலிருந்த மற்றக் கப்பல்களைத் தேடித் தாக்கின. எண்ணெய்க் கப்பலான அதெல்ஸ்டேன், அதற்குக் காவலாகச் சென்ற ஹொலிஹொக் என்னும் சிறு போர்க்கப்பல், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்னும் எண்ணெய்க் கப்பல், நோர்வே நாட்டின் நோர்விக்கன் ஆகியனவும் அன்று அழிந்தன. ஹேர்மீசைக் காக்க அனுப்பப்பட்ட ஃபுல்மார் சண்டை வானூர்திகளால் அதனைக் காப்பாற்ற முடியவில்லை. அவற்றுட் சில வந்து சேர்ந்தபோது கப்பல் ஏற்கெனவே மூழ்கியிருந்தது. நடந்த சண்டையில் இரண்டு ஃபுல்மார்கள் வீழ்த்தப்பட்டன. யப்பானியர் நான்கு குண்டுவீச்சு வானூர்திகளை இழந்தனர்.

மீட்பு

அப்பகுதியினூடாகச் சென்றுகொண்டிருந்த வீட்டா என்னும் மருத்துவக் கப்பல் தாக்குதல் நடந்த இடத்துக்கு வந்து, நீரில் மிதந்துகொண்டிருந்தவர்களை மீட்டது. வெள்ளை வண்ணமும் செஞ்சிலுவைக் குறியும் கொண்ட மருத்துவக் கப்பல்களைத் தாக்குவது போர் விதிகளுக்கு முரணானது. யப்பானிய வானூர்திகள் வீட்டாவைத் தாக்கவில்லை. ஹேர்மீசிலும் வம்பயரிலும் இருந்தவர்களுள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அக்கப்பலினால் உயிர் பிழைத்தனர். கரை அண்மையில் இருந்ததும் மருத்துவக் கப்பல் ஒன்று அருகில் இருந்ததும் உயிரிழப்பைக் குறைத்த காரணிகளாகும். இதற்கு மாறாக, நான்கு நாட்களுக்கு முன்னர் நடுக்கடலில் மூழ்கிய டோர்செட்சையர், கோர்ன்வால் கப்பல்களில் தப்பியவர்கள் மீட்கப்படுவதற்கு ஒரு நாளுக்கும் மேல் நீரிற் காத்திருக்க நேர்ந்தது.

வானூர்திகள் இருந்திருந்தால்

வானூர்திகளைக் கரையில் விட்டுவிட்டுப் புறப்பட்டதே ஹேர்மீசின் அழிவுக்குக் காரணம் என்று கருதப்படுவதுண்டு. ஆனால் 814 ஆம் அணியிடம் இருந்தவை சுவோர்ட்ஃபிஷ் வானூர்திகள். இரட்டைச் சிறகு கொண்ட, மெதுவாகப் பறக்கும் இவ்வானூர்திகள் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் தாக்குவதற்கானவை. வானில் எதிரி வானூர்திகளை மறித்துப் போரிடுவதற்கானவை அல்ல. அவை கப்பலில் இருந்திருந்தாலும் 85 குண்டுவீச்சு வானூர்திகளைத் தடுத்திருக்க இயலாது. வெடிமருந்தும் எரிபொருளும் நிறைந்த வானூர்திகள் கொட்டகையில் இருந்திருப்பின் தீ மேலும் கடுமையாக இருந்திருக்கவும் கூடும்.

ஹேர்மீஸ் கருத்துருவான 1917 ஆம் ஆண்டில் கடற்போரில் வானூர்தியின் பணி வேவு பார்ப்பதே எனக் கருதப்பட்டது. பெரும் பீரங்கிக் கப்பல்களே போரின் முடிவைத் தீர்மானிக்கும் என்பது அன்றைய எண்ணம். வானூர்தி தாங்கியே முதன்மைப் போர்க்கப்பலாகும் என்றோ, பல தாங்கிகள் ஒன்றுசேர்ந்து நூற்றுக்கணக்கான வானூர்திகளை ஒரே நேரத்தில் ஏவும் என்றோ அதனை வடிவமைத்தவர்கள் எண்ணியிருக்கவில்லை. 25 ஆண்டுகளுக்குள் அம்மாற்றம் நிகழ்ந்துவிட்டது. ஹேர்மீசின் அழிவுக்கு ஒரு நாள் எடுத்த முடிவைக் காட்டிலும் இந்த இடைவெளியே பெரிய காரணம் எனலாம்.

பின்விளைவுகள்

இலங்கையைக் கைப்பற்றும் முயற்சி எதுவும் தொடரவில்லை. நகுமோவின் அணி கிழக்கே திரும்பிச் சென்றது. கீழைக் கப்பற்படை தன் முதன்மைத் தளத்தைக் கிழக்காபிரிக்காவின் கிளிந்தினித் துறைமுகத்துக்கு மாற்றிக்கொண்டது. மடகஸ்கார் நடவடிக்கை ஹேர்மீஸ் இன்றியே 1942 மே மாதத்தில் தொடங்கியது.

ஏப்ரல் தாக்குதலில் பங்கேற்ற ஐந்து யப்பானிய வானூர்தி தாங்கிகளும் போர் முடிவதற்கு முன் அழிந்தன. அக்காகி, சோர்யூ, ஹிர்யூ ஆகிய மூன்றும் இரண்டு மாதங்களுக்குள், 1942 சூனில் நடந்த மிட்வே சமரில், அமெரிக்க வானூர்திகள் இதேபோன்று மேலிருந்து பாய்ந்து வீசிய குண்டுகளுக்கு இலக்காயின. ஷோக்காக்கு, சுயிக்காக்கு ஆகிய இரண்டும் 1944 இல் மூழ்கின.

பிரித்தானிய வானூர்தி தாங்கிகளுள் வான்தாக்குதலால் மூழ்கியது ஹேர்மீஸ் ஒன்றே. போரில் இழக்கப்பட்ட மற்றவை நீர்மூழ்கிகளாலோ, பீரங்கிச் சூட்டினாலோ, விபத்தினாலோ அழிந்தவை.

கடலடியில்

ஹேர்மீசின் சிதைவு மட்டக்களப்புக்கு அப்பால் இடப்பக்கம் சாய்ந்த நிலையில் கிடக்கிறது. எனவே ஒரு காலத்தில் கிடையாக இருந்த பறப்புத் தளம் இப்போது சுவர்போல நிற்கிறது. பீரங்கிகளும் பின்புறச் சுழல்விசிறிகளும் அடையாளங் காணக்கூடியவை. உருக்குப் பரப்பின் மீது பவளங்களும் கடற்பஞ்சுகளும் வளர்ந்துள்ளன. மணற்பாங்கான கடலடியில் இத்தகைய பெரிய பொருள் பாறைத்திட்டினைப் போலப் பயன்படுவதால் மீன்கள் கூட்டமாக அதனைச் சூழ்ந்து வாழ்கின்றன.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் கிழக்குக் கடற்பகுதியில் கட்டுப்பாடுகள் இருந்தமையால் இச்சிதைவுக்குச் செல்வது அரிதாகவே இருந்தது. 2009 இல் போர் முடிவடைந்த பின்னர் வெளிநாட்டுச் சுழியோடிகளின் வருகை அதிகரித்தது. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான காலமே இதற்கு ஏற்றது.

பொழுதுபோக்காகச் சுழியோடுவோருக்கு வகுக்கப்பட்ட ஆழ எல்லை 40 மீற்றர் ஆகும். ஹேர்மீஸ் அதற்கும் கீழே உள்ளது. நீரில் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் அமுக்கம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 50 மீற்றர் ஆழத்தில் மேற்பரப்பைப் போல ஆறு மடங்கு அமுக்கம் உண்டு. இதனால் பின்வரும் சிக்கல்கள் எழுகின்றன:

ஒவ்வொரு மூச்சுக்கும் ஆறு மடங்கு காற்றுச் செலவாகிறது. சிலிண்டர் விரைவில் தீர்ந்துவிடும்.
அமுக்கம் மிகுந்த நைதரசன் மதுவுண்டவரைப் போன்ற மயக்கத்தைத் தருகிறது. தீர்மானிக்கும் ஆற்றல் குன்றுகிறது.
உடலிற் கரைந்த வாயு, விரைந்து மேலேறினால் இரத்தத்திலும் இழையங்களிலும் குமிழ்களாக வெளிப்பட்டு, உடல் முடக்கத்தையோ இறப்பையோ விளைவிக்கலாம்.

ஆகவே இங்குச் செல்வோர் நைதரசனின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஈலியம் கலந்த வாயுவைப் பயன்படுத்துகின்றனர். மேலேறும்போது குறித்த ஆழங்களில் நின்று நின்று, உடலிலுள்ள வாயு மெதுவாக வெளியேற இடமளிக்கின்றனர். சிதைவருகே கழிக்கும் சில நிமிடங்களுக்காக மேலேறுவதில் அதைவிட நீண்ட நேரத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது.

அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் கல்குடாவுக்கு அண்மையில், ஆழம் குறைந்த நீரில் கிடக்கிறது. பொதுப் பயிற்சி பெற்ற சுழியோடிகள் அதனைப் பார்க்க முடியும். அன்று திருகோணமலைத் துறைமுகத்தில் தாக்குண்ட சகாய்ங் என்னும் பயணிகள் கப்பலின் சிதைவை 2018 இல் இலங்கைக் கடற்படை மிதக்கச் செய்து துறைமுகத்திலிருந்து அகற்றியது.

போர்க் கல்லறை

ஹேர்மீசில் இறந்தவர்களிற் பலருக்குக் கரையில் கல்லறை இல்லை. அவர்களுடைய பெயர்கள் இங்கிலாந்தில் பிளிமத் முதலிய துறைமுக நகரங்களிலுள்ள கடற்படை நினைவுச்சின்னங்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களது உடல்கள் இருக்குமிடம் கப்பலே. அதனால் இச்சிதைவு ஒரு போர்க் கல்லறையாகக் கருதப்படுகிறது. மூழ்கிய போர்க்கப்பல் எந்த நாட்டுக் கடலிற் கிடந்தாலும் அதன் உரிமை கொடி நாட்டை விட்டு நீங்குவதில்லை என்பது பெரும்பாலான கடல்சார் நாடுகள் ஏற்கும் கோட்பாடு. பார்க்கலாம், தொடவோ எடுக்கவோ கூடாது என்பது பொறுப்புள்ள சுழியோடிகள் கடைப்பிடிக்கும் விதி.

இவ்விதி எங்கும் மதிக்கப்படவில்லை. யாவாக் கடலில் 1942 இல் மூழ்கிய டச்சு, பிரித்தானியப் போர்க்கப்பல்கள் சிலவற்றின் சிதைவுகள் காணாமற் போயிருப்பது 2016 இல் தெரியவந்தது. பழைய உலோகத்துக்காக அவை இரகசியமாக வெட்டியெடுக்கப்பட்டிருந்தன. அவற்றினுள் இருந்த மனித எச்சங்களும் அவற்றோடு அழிந்தன. ஆழ்கடலில் கிடப்பது மட்டும் ஒரு சிதைவுக்குப் பாதுகாப்பாகாது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

யுனெசுக்கோவின் 2001 ஆம் ஆண்டு உடன்படிக்கை, குறைந்தது நூறு ஆண்டுகள் நீருக்கடியில் இருந்தவற்றையே நீரடிப் பண்பாட்டு மரபுரிமை என வரையறுக்கிறது. அக்கணக்கின்படி ஹேர்மீஸ் 2042 ஏப்ரலிலேயே அத்தகுதியைப் பெறும். அதுவரையிலும் உவர்நீர் உருக்கை அரித்துக்கொண்டே இருக்கும். உள்ளறைகளும் தளங்களும் காலப்போக்கில் இடிந்து விழுவது தவிர்க்க முடியாதது. வானூர்தி தாங்கிக் கப்பல்களின் வரலாற்றில் முதலாவது வடிவமைப்பும், அதனுள் மாண்டவர்களின் கல்லறையும் மட்டக்களப்புக் கடலில் ஒரே இடத்தில் அமைந்திருக்கின்றன.